வயரற்ற மின்னேற்றம் வரட்டும், துவாரமும் இருக்கட்டும்

கைத்தொலைபேசி விற்பனை நிலையங்களில் இன்று வாடிக்கையாளர்களின் காதில் விழும் கவர்ச்சியான வார்த்தைகளில் 'வயர்லெஸ் சார்ஜிங்' என்பதும் ஒன்று. வயரைச் செருகவேண்டியதில்லை, வட்டமான ஒரு தட்டின் மீது தொலைபேசியை வைத்தாலே மின்கலம் நிரம்பிவிடும் என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால், முழு உண்மையும் அல்ல. பெயரிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. தட்டுக்கும் தொலைபேசிக்கும் இடையில் மாத்திரமே வயர் இல்லை. தட்டிலிருந்து சுவர் வரை அது வழமைபோல நீண்டு கிடக்கிறது. தட்டின் மீது வைத்த தொலைபேசியைச் சில மில்லிமீற்றர்களுக்கு மேல் உயர்த்தினாலோ, சற்று விலக்கி வைத்தாலோ மின்னேற்றம் நின்றுவிடும்.

இதன் சாதக பாதகங்களை நிறுத்துப் பார்ப்பது அவ்வளவு சிரமமான காரியம் அல்ல. கீழே அதைச் செய்ய முயற்சிக்கிறேன். ஆனால், அந்தத் தராசுக்கு அப்பாலும் ஒரு கேள்வி இருக்கிறது. வயரா, தட்டா என்பதைத் தீர்மானிக்கப்போவது தொலைபேசிக்குப் பணம் கொடுப்பவரா அல்லது அதைத் தயாரிப்பவரா என்பதே அந்தக் கேள்வி.

இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படை மிகவும் பழையது. மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை மைக்கேல் பரடே 1831 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். தட்டுக்குள் ஒரு சுருள், தொலைபேசியின் முதுகுக்குள் இன்னொரு சுருள். முதலாவதில் திசைமாறி ஓடும் மின்சாரம் காந்தப்புலத்தை உருவாக்க, இரண்டாவது சுருள் அதனை மீண்டும் மின்சாரமாக்கி மின்கலத்துக்கு அனுப்புகிறது. வயர் இல்லாமல் உலகம் முழுவதற்கும் மின்சாரம் அனுப்பலாம் என்று கனவு கண்ட நிக்கொலா டெஸ்லா, 1901 இல் நியூயோர்க்குக்கு அருகே லோங் ஐலண்டில் பெரும் கோபுரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். ஜே.பி. மோர்கன் மேலும் பணம் கொடுக்க மறுத்ததால் அந்தப் பணி நின்றுபோனது. 1917 இல் கோபுரமும் இடித்துத் தள்ளப்பட்டது. கோபுரத்தால் சாதிக்க முடியாததைக் குளியலறையில் வைக்கும் மின்சாரப் பற்தூரிகை சிறிய அளவில் சாதித்தது. தண்ணீர் படும் இடத்தில் திறந்த உலோக முனைகள் இருக்கக்கூடாது என்பதற்காகவே அதில் இந்த முறை பயன்படுத்தப்பட்டது.

கைத்தொலைபேசிக்கு இது வந்த கதையும் சுவாரஸ்யமானது. 2009 இல் வெளியான பாம் பிரே தொலைபேசிக்குத் தனியாக விற்கப்பட்ட காந்தத் தட்டு ஒன்று இருந்தது. 2012 இல் நொக்கியா லூமியா 920, 'சீ' என்ற பொதுத்தர முறையுடன் வந்தது. தமிழ்க் காதுக்கு அது அருவருப்பைச் சுட்டும் ஒலி. சீன மொழியிலோ உயிராற்றலைக் குறிக்கும் சொல். அந்தத் தரத்துக்குப் போட்டியாக வேறு இரு முகாம்களும் இருந்தன. ஒருவரது தட்டில் மற்றவரது தொலைபேசி இயங்காத அந்த யுத்தத்தை 2017 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் தனது ஐபோன் 8 மற்றும் எக்ஸ் தொலைபேசிகளில் 'சீ' தரத்தைச் சேர்த்துக்கொண்டதன் மூலம் ஏறத்தாழ முடித்துவைத்தது. அதே மேடையில், மூன்று சாதனங்களுக்கு ஒரே நேரத்தில் மின்னேற்றம் செய்யும் தட்டு ஒன்றையும் அந்த நிறுவனம் அறிவித்தது. ஒன்றரை வருடங்கள் கழித்து, 2019 மார்ச்சில், தங்களது தராதரத்தை அதனால் எட்டமுடியவில்லை என்று கூறி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வசதி படைத்த நிறுவனங்களுக்கும்கூட இது இலகுவான தொழில்நுட்பம் அல்ல என்பதற்கு அதுவே போதுமான சான்று.

முதலில் சாதகங்களைப் பார்ப்போம். தொலைபேசியில் அடிக்கடி பழுதடையும் பாகங்களில் மின்னேற்றத் துவாரமும் ஒன்று. தினமும் இரண்டு மூன்று தடவைகள் செருகிக் கழற்றும்போது அது தேய்கிறது, தளர்கிறது, பஞ்சும் தூசியும் சேர்ந்து அடைபடுகிறது. ஈரம் பட்டால் வயரை ஏற்க மறுக்கிறது. தட்டில் வைக்கும் முறையில் இந்தத் தொல்லைகள் இல்லை. பார்வை குறைந்தவர்களுக்கும், மூட்டுவாதத்தாலோ பார்க்கின்சன் நோயாலோ விரல்கள் ஒத்துழைக்காத முதியவர்களுக்கும் ஒரு சிறிய துவாரத்தைத் தேடி வயரைச் செருகுவது அன்றாடப் போராட்டம். அவர்களைப் பொறுத்தவரை இது ஆடம்பரம் அல்ல, ஒரு விடுதலை. இந்த ஒரு காரணத்துக்காக மாத்திரமே இதை வரவேற்கலாம் என்பேன்.

இனிப் பாதகங்கள். மின்சாரத்தைக் காந்தப்புலமாக்கி, காந்தப்புலத்தை மீண்டும் மின்சாரமாக்கும்போது வழியில் ஒரு பங்கு வெப்பமாகக் கழிந்துபோகிறது. கூகுள் பிக்சல் 4 தொலைபேசியை வைத்து 2020 இல் அமெரிக்க இணைய சஞ்சிகை ஒன்று அளந்துபார்த்தது. வெறுமையான மின்கலத்தை வயர் மூலம் நிரப்ப சராசரியாக 14.26 வோட்-மணி மின்சாரமும், தட்டின் மூலம் நிரப்ப 21.01 வோட்-மணி மின்சாரமும் தேவைப்பட்டன. அதாவது, ஏறத்தாழ 47 சதவீதம் அதிகம். தொலைபேசியைச் சுருளுக்கு நேராக வைக்காவிட்டால் விரயம் இன்னும் கூடும். 2023 இல் வந்த 'சீ 2' தரம் காந்த வளையத்தின் உதவியுடன் இரு சுருள்களையும் நேராகப் பொருந்த வைப்பதனால் இந்த விரயத்தைக் குறைக்கிறது. ஆனால், இல்லாமல் செய்துவிடவில்லை.

இந்த இழப்பைப் பெரிதுபடுத்தவும் கூடாது. மேற்சொன்ன கணக்கின்படி தினமும் ஒரு தடவை முழுமையாக மின்னேற்றம் செய்யும் ஒருவருக்கு வருடத்துக்கு ஏற்படும் மேலதிகச் செலவு இரண்டரை யூனிட் மின்சாரம் மாத்திரமே. அதற்காக எவரது வீட்டு மின்பட்டியலும் தலைகீழாக மாறப்போவதில்லை. ஆனால், நூறு கோடிப் பேர் இந்த முறைக்கு மாறினால் அது 250 கோடி யூனிட்டுகளாகிவிடும். 900 மெகாவோட் வலுக்கொண்ட எமது நுரைச்சோலை அனல்மின் நிலையம் முழு வலுவில் நான்கு மாதங்களுக்குச் சற்றுக் குறைவாக இடைவிடாது இயங்கினால்தான் அவ்வளவு மின்சாரம் கிடைக்கும். ஒரு வயரைச் செருகும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக இந்த விலை.

எம்மைப் போன்றவர்கள் கூடுதலாகக் கவலைப்படவேண்டியது வெப்பத்தைப் பற்றியே. லிதியம்-அயன் மின்கலத்தின் முதல் எதிரி வெப்பம். சுற்றுப்புற வெப்பநிலை 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மின்கலத்தின் கொள்ளளவு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்று அப்பிள் நிறுவனமே தனது பாவனையாளர்களை எச்சரிக்கிறது. ஸ்கண்டிநேவியாவின் குளிரில் வாழும் ஒருவருக்கு அந்த எல்லை வெகுதொலைவில் இருக்கிறது. கொழும்பிலோ, சென்னையிலோ, வளைகுடா நாடு ஒன்றின் தொழிலாளர் விடுதியிலோ வாழ்பவருக்கு அது அடுத்த வீட்டுக்காரன். அத்தகைய அறையில், தடித்த உறை போட்ட தொலைபேசியை இரவு முழுவதும் தட்டின் மீது வைத்திருப்பது மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும் காரியம். மின்கலம் சோர்ந்தால் அதை மாற்றுவதற்குப் பதிலாகத் தொலைபேசியையே மாற்றுபவர்கள்தான் அதிகம். 2022 இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்றும் அதில் கால்வாசிக்கும் குறைவானதே முறைப்படி சேகரிக்கப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் நிறுவனங்கள் 2024 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அந்தக் குவியலை வளர்க்க இன்னொரு வழி தேவையில்லை.

உடல்நலம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தட்டிலிருந்து எழும் காந்தப்புலம் சில அங்குலங்களுக்குள் வலுவிழந்துவிடும். அதையிட்டு அச்சப்படுவதற்கு நியாயமான ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால், இதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டவர்கள் இதற்கு விதிவிலக்கு. ஐபோன் 12 இல் உள்ள காந்தங்கள் அத்தகைய கருவி ஒன்றின் செயற்பாட்டை இடைநிறுத்தியதாக அமெரிக்க மருத்துவர்கள் 2021 இல் அறிக்கையிட்டார்கள். அத்தகையவர்கள் காந்தத் தொலைபேசியைக் கருவியிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கும், தட்டில் மின்னேற்றம் நடைபெறும்போது 30 சென்ரிமீற்றருக்கும் அப்பால் வைத்திருக்கவேண்டும் என்று அப்பிள் ஆலோசனை கூறுகிறது. சட்டையின் நெஞ்சுப்பையில் தொலைபேசியை வைக்கும் பழக்கமுள்ள எமது பெரியவர்கள் இதை மனதில் கொள்வது நல்லது.

இவ்வளவும் தராசின் இரு தட்டுகள். வசதி பெரிதென்று கருதுபவர் அதைத் தெரிவு செய்யட்டும், சிக்கனம் பெரிதென்று கருதுபவர் வயரைத் தெரிவு செய்யட்டும் என்று கூறி இத்துடன் முடித்துவிடலாம். அந்தத் தெரிவு எப்போதும் எமது கையில் இருக்குமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம்.

2016 இல் ஐபோன் 7 வெளியானபோது காதணிக் கருவிக்கான துவாரம் அதில் இருக்கவில்லை. அன்று அதைக் கேலி செய்த சம்சுங் நிறுவனம் 2019 இல் தனது நோட் 10 தொலைபேசியில் அதே காரியத்தைச் செய்தது. எஞ்சியிருப்பது மின்னேற்றத் துவாரம். சீனாவின் மெய்சு நிறுவனம் 2019 ஜனவரியில் எந்தத் துவாரமும் இல்லாத தொலைபேசி ஒன்றை அறிவித்து, இணையத்தில் மக்களிடம் பணம் திரட்ட முயன்றது. இலக்கான ஒரு இலட்சம் டொலரில் பாதியைக்கூட அதனால் திரட்ட முடியவில்லை. மக்கள் விரும்பவில்லை என்பது தெளிவு. ஆனால், காதணித் துவாரத்தை நீக்குமாறும் மக்கள் கேட்கவில்லையே.

இங்குதான் சட்டத்தின் ஒரு சந்து கவனத்துக்குரியதாகிறது. 2024 டிசெம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய தொலைபேசிகள் அனைத்துக்கும் யூ.எஸ்.பி.-சி துவாரம் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால், வயர் மூலம் மின்னேற்றம் செய்யக்கூடிய சாதனங்களுக்கு மாத்திரமே அந்த விதி பொருந்தும். துவாரமே இல்லாத ஒரு தொலைபேசியை அது கட்டுப்படுத்தாது. எல்லோருக்கும் ஒரே வயர் என்று மக்களுக்குக் கிடைத்த உரிமையை, வயரையே இல்லாமல் செய்வதன் மூலம் வெறுமையாக்கிவிட முடியும்.

துவாரத்தின் அருமையை இலங்கையருக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. 1990களில் மின்சாரம் இல்லாதிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து இரண்டு வயர்களை இழுத்துத்தான் மக்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல பிரதேசங்களில் ஒன்றாக அற்றுப்போயின. அத்தகைய நாட்களில் வாகன மின்கலமோ, சிறிய சூரியத் தகடோ, அயலவரின் பவர் பாங்கோ, எதிலிருந்து வந்தாலும் மின்சாரத்தை ஏற்றுக்கொள்வது அந்தச் சிறிய துவாரம். ஒரு சொட்டு மின்சாரமும் அரிதான நேரத்தில் அதில் ஒரு பங்கை வெப்பமாகக் கொட்டித்தீர்க்கும் தட்டு ஒன்றை மாத்திரம் நம்பியிருக்க எவரும் விரும்பமாட்டார்கள். திரை உடைந்த தொலைபேசியில் சிக்கிக்கொண்ட ஆவணங்களையும் குடும்பப் புகைப்படங்களையும் மீட்பதற்கும் பல சமயங்களில் அந்த வயரே இறுதி வழி.

ஆகவே, வயரற்ற மின்னேற்றத்தை நான் எதிர்க்கவில்லை. வீட்டிலுள்ள முதியவருக்கு ஒரு தட்டை வாங்கிக்கொடுங்கள். இரவில் உறையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், நாணயமோ திறப்போ இடையில் அகப்படாமல் வையுங்கள். புதிதாக வாங்குவதானால் 'சீ 2' முத்திரை உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். ஆனால், ஒரு வசதி இன்னொரு வழிக்குத் துணையாக வரும்வரையில்தான் வசதி. அந்த வழியை அடைத்துவிட்டு வருமானால் அது வசதி என்ற பெயரில் வரும் நிர்ப்பந்தம். துவாரம் இல்லாத தொலைபேசியை ஒருநாள் பெருமையுடன் மேடையில் காட்டுவார்கள். அன்று கைதட்டுவதற்கு முன்னர் சற்று யோசிப்போம். சட்டம் இயற்றுபவர்கள் அதற்கு முன்னரே யோசிப்பது இன்னும் நல்லது.