அடக்க விலை பார்க்காமல் அடுக்குமாடி வீடு வாங்கலாமா?



துவரம் பருப்பு பத்து மூட்டை கொள்முதல் செய்கிறோம். மில்காரர் சொன்ன விலையோடு கணக்கை முடித்துவிடுகிறோமா? லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, தரகு, வட்டி எல்லாம் சேர்த்து அடக்க விலை போட்ட பிறகே சரக்கை எடுக்கிறோம். மூட்டைக்கு ஐந்து ரூபாய் கூடினாலும் போனில் அரைமணி நேரம் வாதாடுகிறோம். அதே நாம், ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தில் பிள்ளைகளுக்குப் புது பிளாட் வாங்கும்போது சதுர அடி விலையை மட்டும் கேட்டுத் தலையாட்டிவிடுகிறோம். மாதாமாதம் கட்ட வேண்டிய பராமரிப்புச் செலவைக் கேட்பதே இல்லை.

இந்தத் தவற்றை நாமே செய்தோம். மகனுக்கு வீடு வாங்கியபோது சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைத்துப் பேசி, பெரிய லாபம் என்று மகிழ்ந்தோம். சாவி வாங்கப் போன அன்று, இரண்டு வருடப் பராமரிப்பு முன்பணம், கார்பஸ் பண்ட் எனப்படும் மூலநிதி என்று தனிச் சீட்டு ஒன்றை நீட்டினார்கள். கிரகப் பிரவேசப் பத்திரிகை உறவினர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுபேச்சின்றி செக் எழுதிக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தைப் புரட்டினால், கடைசிப் பக்கங்களில் எல்லாம் எழுதியே இருந்தது. படிக்காதது நம் குற்றம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடு 1,200 சதுர அடி. பராமரிப்பு சதுர அடிக்கு மாதம் 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ரூ.4,800. இரண்டு வருடத்துக்கு ரூ.1,15,200. பில்டரோ அவர் நியமித்த நிறுவனமோ வசூலித்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து ரூ.1,35,936 ஆகிறது. குடியிருப்போர் சங்கமே வசூலித்தால், வீட்டுக்கு மாதம் ரூ.7,500 வரை இந்த வரி இல்லை. இன்னொன்றும் உண்டு. இந்த 1,200 சதுர அடி நாம் புழங்கும் அறைகளின் அளவன்று. படிக்கட்டு, நடைபாதை, லிப்ட் இடம் எல்லாம் சேர்த்த அளவு. சாக்கையும் சேர்த்து எடை போடுவது போலத்தான்!

பராமரிப்புப் பணமே கொடுக்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. லிப்ட் ஓட வேண்டும், மோட்டார் ஓட வேண்டும், காவலாளிக்குச் சம்பளம் போக வேண்டும். கொடுத்த பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதே நம் வாதம்.

சட்டம் நம் பக்கம் இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, சங்கம் பொறுப்பேற்கும் வரை நியாயமான கட்டணத்தில் பராமரிக்க வேண்டியது பில்டரின் கடமை. வீடு ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால், முப்பது நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். அந்தச் செலவைப் பராமரிப்புக் கணக்கில் ஏற்றினால் ஒப்புக்கொள்ளக் கூடாது. உரிய கட்டணத்தைத் தவணை தவறாமல் செலுத்துவதும் அதே சட்டப்படி நம் கடமை.

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்குமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். கட்டணம் எந்த அளவின் மேல், எவ்வளவு? எப்போது, எந்த அடிப்படையில் உயரும்? மூலநிதி யார் பெயரில், எந்த வங்கியில் இருக்கும். வட்டியோடு சங்கத்திடம் எப்போது வரும்? விற்காத வீடுகளுக்குப் பில்டர் பராமரிப்புச் செலுத்துவாரா? வருடாந்திர வரவு செலவுக் கணக்கைக் காட்டுவாரா? பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். சிட்டை இல்லாத சரக்கை நாம் ஏற்றுவதுண்டா?

கடைசியாக ஒன்று, கசப்பானாலும் சொல்லியாக வேண்டும். நமது மகன் குடியிருப்பில் சங்கம் அமைக்க முதல் கூட்டம் போட்டபோது, கடையை விட்டு வர முடியாது என்று நாம் போகவில்லை. நம்மைப் போலவே பலரும் போகவில்லை. மூலநிதி சங்கத்தின் கைக்கு வந்து சேர மூன்று வருடம் பிடித்தது. பில்டரின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அதை வாங்கி வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். பேரேடு எழுதி நாற்பது வருடம் பழகிய நாம் செய்திருக்க வேண்டிய வேலை அது!

தனியாக நின்றால் எடுபடாத குரல், சங்கமாய்ச் சேர்ந்தால் எடுபடும் என்பதை வணிகர்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைவீதியில் கற்ற பாடத்தைக் குடியிருக்கும் வீட்டிலும் கடைப்பிடிப்போம்.