காவிரியில் அயல் மீன்கள்: எங்கள் நிலைப்பாடு

முக்கொம்பு முதல் கல்லணை வரை காவிரியிலும் கொள்ளிடத்திலும் வலை வீசுவோரும் கரையில் குடியிருப்போரும் சேர்ந்தது எங்கள் அமைப்பு. அயல் மீன்களை இனி ஆற்றில் விடக் கூடாது. வந்துவிட்டவற்றைக் கோடையில் பிடித்து அகற்ற வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாயிலேயே வைத்துக் காக்கும். ஆண்டில் பலமுறை பெருகும். சேல்கெண்டையும் கல்பாசும் புதுவெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் அவற்றின் பருவம் கெடுகிறது. ஜிலேபி எந்த வெள்ளத்துக்கும் காத்திருப்பதில்லை.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க மத்திய அரசு 2000-லேயே தடை விதித்தது. ஆனாலும் கோழிக்கழிவு போட்டு மறைவாக வளர்க்கிறார்கள். மழையில் குளக்கரை உடைந்தால் அது வாய்க்கால் வழியே ஆற்றுக்கு வந்துவிடும். காற்றையும் சுவாசிக்கும் என்பதால் நாறிய தண்ணீரிலும் சாகாது. அகப்படும் சிறுமீனையெல்லாம் விழுங்கும். கண்ணாடித் தொட்டிக்காக வாங்கும் டேங்க் கிளீனர் தென் அமெரிக்க மீன். அதன் முரட்டுச் செதில் வலையைக் கிழிக்கும்; முட்டையிடக் கரையைக் குடைந்து வளை தோண்டும். வளர்ந்துவிட்டதே, பாவம் என்று அம்மா மண்டபம் படித்துறையில் அதை யாரும் விட வேண்டாம். விற்ற கடைக்காரரே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜிலேபியை ஏழைகளின் மீன் என்பார்கள். உண்மைதான், எங்கள் வீடுகளிலும் அதுதான் குழம்பு. பிடிப்பதையும் விற்பதையும் தடுக்கச் சொல்லவில்லை. எவ்வளவு பிடித்தாலும் நல்லது. ஏரி, குளங்களில் புதிதாக விடுவதைத்தான் எதிர்க்கிறோம். அந்த ஏரிகளின் கலிங்கு வழிந்தால் தண்ணீர் சேருமிடம் ஆறுதானே?

கோடையில் ஸ்ரீரங்கத்தைச் சுற்றி மணல்தான் தெரியும். தண்ணீர் மடுக்களில் ஒடுங்கிவிடும். அடுத்த வெள்ளத்துக்கு முட்டையிட வேண்டிய நாட்டு மீன்களும் அவற்றைத் தின்னும் கெளுத்தியும் ஒரே மடுவில் அடைபட்டுக் கிடக்கும். ஆறு நிறைந்து ஓடும்போது செய்ய முடியாததை அப்போது செய்யலாம். அயல் மீன்களை வாரி எடுத்துவிட்டு, சினை தாங்கும் நாட்டு மீன்களை உயிரோடு ஆழமான மடுக்களுக்கு மாற்ற வேண்டும். ஊத்தாவோடு ஊரே இறங்கும் ஏரி மீன்பிடித் திருவிழாக்களிலும் ஜிலேபியைத் திரும்ப நீரில் விடக் கூடாது. விராலிலும் குறவையிலும் கொஞ்சமாவது விதைக்கு விட்டுவைக்க வேண்டும்.

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆறுகளில் மீன்குஞ்சு விடவும் பணம் உண்டு. இங்கே விடும் குஞ்சுகள் காவிரியின் தாய்மீன்களிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். கங்கைக் கட்லாவை விட்டுவிட்டு நாட்டு மீன் விட்டதாகக் கணக்கெழுதுவதை நாங்கள் ஏற்கவில்லை.

வரும் கோடையில் முக்கொம்புக்குக் கீழுள்ள மடுக்களில் வேலையைத் தொடங்க வலையும் ஆளும் நாங்கள் தருகிறோம். மீன்வளத் துறை அதற்கு அனுமதி தர வேண்டும். விலைபோகாத டேங்க் கிளீனருக்கு எடை பார்த்துக் கூலி தர வேண்டும்.