டாக்டர் கைவிரித்த பிறகு

“இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள்” என்று டாக்டர் கைவிரித்துவிட்டால், அத்துடன் வைத்தியம் முடிந்தது, இனி நாளை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான் என்று, படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி நம்மவர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நான் அடியோடு மறுக்கிறேன். நோய் தீராது என்பது ஒரு செய்தி. நோயாளிக்குச் செய்யவேண்டியது யாதொன்றும் இல்லை என்பதோ, அந்தச் செய்தியிலிருந்து எவ்வித நியாயமுமின்றி நாமாக வருவித்துக்கொண்ட தீர்மானம். அதன் பலனை அனுபவிக்கிறவர்கள், எதிர்த்துப் பேசவும் திராணியற்றுக் கட்டிலில் கிடப்பவர்கள்.

செய்யவேண்டியது எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய விரும்புவோர் புனே நகரத்து வார்ஜே என்ற பகுதியை எண்ணிப் பார்க்கலாம். ஸிப்ளா மருந்துக் கம்பெனியைச் சேர்ந்த தர்ம ஸ்தாபனம் 1997-ஆம் ஆண்டு முதல் அங்கே நடத்திவரும், உபாதையைத் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை நிலையத்தில், புற்றுநோயால் அவதியுறுவோரும் அவர்கள் குடும்பத்தாரும் கட்டணமின்றிப் பராமரிக்கப்படுகிறார்கள். சாவதற்காகப் போகிற இடம் என்று அதைப் பலர் எண்ணுவதும் பிழையே. உபாதை அடங்கி வீடு திரும்புவோரும் உண்டு.

புகையிலை மெல்லும் பழக்கம் வேரோடியிருக்கும், புனே அமைந்த அந்த ராஜ்யத்தில் வாய்ப் புற்றுநோய் அபூர்வமன்று. முற்றிய நோயில், கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளிப்படும் புண்ணிலிருந்து வீசும் துர்நாற்றம், பெற்ற மகனைக்கூட வாசற்படியிலேயே நிற்கவைத்துவிடும். நோயாளியோ, வலியைவிட அந்த வெட்கத்தினாலேயே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளுவார். சிகிச்சை முடிந்துவிட்டதாக நாம் நினைக்கும் அந்தக் கட்டத்தில்தான் நர்ஸின் வேலை தொடங்குகிறது. புண்ணை உப்புநீரால் கழுவி, மெட்ரோனிடஸோல் மாத்திரையைப் பொடிசெய்து தூவிக் கட்டுகிறாள். ஓரிரு நாளில் நாற்றம் வெகுவாகத் தணிகிறது. பேரன் கட்டிலோரத்தில் வந்து உட்காருகிறான். படுக்கைப்புண் வராதபடி இரண்டு மணிக்கொருதரம் ஒருக்களித்துப் படுக்கவைப்பதும், வறண்டு வெடித்த உதடுகளை ஈரத்துணியால் ஒற்றுவதும், நாக்கில் படர்ந்த வெள்ளைப் பூஞ்சணத்துக்கு மருந்து தடவுவதும் எவ்வளவு சிறிய காரியங்களாகத் தோன்றினாலும், விழுங்கவும் பேசவும் இயலாமற் கிடந்தவர் ஒரு வாய்த் தேநீர் குடித்து, மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவற்றினால்தான். சிஸ்டர் கட்டுவதை நாலு தடவை பக்கத்திலிருந்து பார்த்த அந்த மனைவி, ஐந்தாந்தடவை தானே கட்டுகிறாள். அந்திமகாலத்தில் தன் கையால் ஒன்று செய்தோம் என்ற அந்த நினைவு, பிற்காலத்தில் அவளுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதைத் துக்கப்பட்டவர்கள் அறிவார்கள்.

வலியடக்கும் மருந்தான மார்பினைக் கொடுத்தால் பிராணன் போய்விடும் என்பது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையோடு கூடப்பிறந்த ஒரு பயம். வலியின் அளவறிந்து, குறைந்த அளவில் தொடங்கி, நாலு மணிக்கொருதரம் வாய்வழியாகக் கொடுக்கப்படும் மார்பின் வலியைத்தான் அடக்குகிறது. அதனால் பெரும்பாலும் வரும் தொந்தரவு மலச்சிக்கல், அதற்கும் கூடவே மருந்து உண்டு. மார்பின் முதலிய வலிமருந்துகளுக்கு வேண்டிய அபினியைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நம் தேசத்திலே, 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்கு அஞ்சி ஆஸ்பத்திரிகள் மார்பினை வாங்கிவைக்கவே தயங்கின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பின்பும் பயம் முற்றிலும் நீங்கவில்லை.

நிலத்தை விற்று, நகையை அடகுவைத்து, உணர்விழந்தவரைக் கடைசி நாழிகை வரையில் செயற்கைச் சுவாசக் கருவியில் பிணைத்துவைக்கும் குடும்பங்களையும், ஒன்றுமில்லை என்று கைவிட்டுவிடும் அதே கூட்டத்தில்தான் நான் சேர்க்கிறேன். அவர்களும் வைத்தியம் என்றால் பிழைக்கவைப்பது ஒன்றே என்று எண்ணுகிறவர்கள். கைவிட்டவர்களுக்கும் அவர்களுக்கும் நம்பிக்கை ஒன்றுதான், கையிருப்புத்தான் வேறு.

இதே புனேயில், 1897-ஆம் ஆண்டு, பிளேக் நோய் தெருத்தெருவாக மனிதரை வாரிக்கொண்டு போனபோது, அதைத் தீர்க்கும் மருந்து எவரிடமும் இருக்கவில்லை. இருந்தும் சமூக சீர்திருத்தவாதி சாவித்திரிபாய் பூலே, டாக்டரான தம் வளர்ப்பு மகன் யஷ்வந்த் நகரத்துக்கு வெளியே நடத்திய சிகிச்சை விடுதியில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்துவந்து, அந்நோயாலேயே மார்ச் 10-ஆம் தேதி காலமானார். ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்ல அவரைவிட அதிக நியாயம் யாருக்கு இருந்தது?

ஆதரவு சிகிச்சையை ஏற்றுக்கொள்ளுவது சாவை வரவழைப்பதாகும் என்பாருக்கு ஒரு தகவல். 2010-இல் வெளியான பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரில், வழக்கமான சிகிச்சையுடன் ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், பிறருக்கு 8.9 மாதம். ஆகவே, கடைசி வாரம்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. வலிக்கு என்ன மருந்து, எந்த அளவில்? நள்ளிரவில் மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவது? புண்ணைக் கட்ட வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பது யார்? — இம்மூன்றுக்கும் விடை எழுதப்படாத டிஸ்சார்ஜ் சீட்டை, எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும், குடும்பத்தார் வாங்கிக்கொள்ளக் கூடாது.