அது நாய்ஸ் இல்லை, சார்

எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவர்கள் ஊர் மாறி, வேலை மாறி, படித்ததில் முக்கால்வாசியை மறந்திருந்தாலும் 662 என்ற எண்ணை மறந்திருக்க மாட்டார்கள். சீசியம்-137 சோர்ஸை சோடியம் அயோடைடு டிடெக்டர் முன்னால் வைத்து ஸ்பெக்ட்ரம் எடுத்தால், வலது பக்கத்தில் கோபுரம் மாதிரி ஒரு பீக் நிற்கும். 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதைக் குறித்து, பக்கத்தில் காம்ப்டன் விளிம்பைக் குறித்து, ரெசல்யூஷனைக் கணக்குப் போட்டு, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினால் பரிசோதனை முடிந்தது.

நானும் அப்படித்தான் முடித்தேன். ஆனால் என் ஸ்பெக்ட்ரத்தின் இடது ஓரத்தில், 32க்குப் பக்கத்தில், இன்னொரு பீக் இருந்தது. சின்னதுதான். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. "இது என்ன சார்?" என்று கேட்டேன். "அது நாய்ஸ்ப்பா. த்ரெஷோல்டை ஏத்திவிடு, போயிடும்" என்றார். ஏற்றினேன். போய்விட்டது. அவர் நல்ல மனிதர். அவருக்கு அவருடைய ஆசிரியரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் 662ஐ மட்டும் கேட்டார், சொன்னேன், முழு மதிப்பெண் போட்டார்.

அந்த முழு மதிப்பெண் மேல்தான் எனக்குக் கோபம். பல வருஷம் கழித்துத்தான் நான் எதை அழித்தேன் என்று புரிந்தது. அணுக்கருவின் அமைப்பைப் பற்றி அந்த மேசையில் கற்றுக்கொள்ள முடிந்த மிகச் சிறந்த பாடத்தை, ஒரு குமிழைத் திருகி அழித்திருக்கிறேன். அதற்குத்தான் மதிப்பெண்.

*

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அந்த 662 சீசியத்துடையது இல்லை. சீசியம் கரு பீட்டா சிதைவில் பேரியம்-137 ஆக மாறுகிறது. நூறு தடவையில் சுமார் 94 தடவை அந்தப் பேரியம் கரு கிளர்ந்த நிலையில் பிறக்கிறது. அரை ஆயுள் இரண்டரை நிமிடம். பிறகு இறங்குகிறது. இறங்கும்போதுதான் 662ஐக் கொடுக்கிறது. 'சீசியத்தின் காமா' என்று சுருக்கமாகச் சொல்வதில் தப்பில்லை. அது சுருக்கம் என்றே தெரியாமல் பட்டம் வாங்குவதுதான் பிரச்சினை.

பேரியம் கரு அந்த ஆற்றலை இரண்டு வழிகளில் கொடுக்கலாம். ஒன்று, காமா கதிராக. நூறு சிதைவில் 85 இப்படி. இன்னொன்று, காமா என்பதே வெளிப்படாமல், தன்னைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான்களில் ஒன்றிடம் மொத்த ஆற்றலையும் நேரடியாகக் கொடுத்து அதை வெளியே தள்ளுவது. ஒன்பது பத்து சிதைவில் இப்படி நடக்கிறது. இதற்கு அகமாற்றம் என்று பெயர். பெரும்பாலும் கருவுக்கு மிக அருகிலுள்ள கே கூட்டின் எலக்ட்ரான்தான் போகும். அதைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றல் 37. அந்த 37 கழிய, மீதி 624 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டோடு அது வெளியேறுகிறது. காலியான இடத்துக்கு மேல் கூட்டிலிருந்து இன்னொரு எலக்ட்ரான் இறங்கும்போது பேரியத்தின் எக்ஸ் கதிர் ஒன்று கிளம்புகிறது. அதன் ஆற்றல் 32.

கல்லூரி டிடெக்டரின் அலுமினிய உறையைத் தாண்டி அந்த எலக்ட்ரானால் உள்ளே வர முடியாது. எக்ஸ் கதிரால் முடியும். ஆக, அந்த 32 என்பது நாம் பார்க்காத எலக்ட்ரான் விட்டுப்போன காலடித் தடம்.

எத்தனை காமாவுக்கு எத்தனை எலக்ட்ரான் என்ற விகிதம் சும்மா ஒரு எண் இல்லை. கரு எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு இறங்குகிறது, அதன் தற்சுழற்சி எத்தனை அலகு மாறுகிறது என்பதைப் பொறுத்து இந்த விகிதம் மாறும். கோட்பாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். பேரியத்தில் மாற்றம் நான்கு அலகு. ஒரே தாவலில் நான்கு அலகு இறங்குவது கருவுக்குச் சிரமம். இரண்டரை நிமிடத் தயக்கத்துக்குக் காரணம் அதுதான். 662 என்ற எண் மட்டும் தெரிந்தால் ஏணியில் இரண்டு படிகளுக்கு நடுவில் எவ்வளவு உயரம் என்று தெரியும். படி எப்படிப்பட்டது என்று சொல்ல எலக்ட்ரான் வேண்டும். இதில் ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்றதை நாய்ஸ் என்கிறோம்.

*

'இதெல்லாம் அட்வான்ஸ்டு, பிஎச்.டி.யில் பார்த்துக்கலாம்' என்று சொல்வார்கள். வரலாறு நேர் எதிராக இருக்கிறது. இந்தத் துறை தொடங்கியதே எலக்ட்ரானிலிருந்துதான்.

1914இல் சார்லஸ் எல்லிஸ் என்ற இளம் ஆங்கிலேய ராணுவக் கல்லூரி மாணவர் விடுமுறைக்கு ஜெர்மனி போயிருந்தார். போர் வெடித்தது. பெர்லினுக்கு அருகே ரூலேபன் குதிரைப் பந்தய மைதானத்தில் அமைத்த முகாமில் அடைத்தார்கள். கைதிகள் படுத்தது குதிரை லாயங்களில். அதே முகாமில் ஜேம்ஸ் சாட்விக்கும் மாட்டியிருந்தார். பெர்லினில் கைகர் ஆய்வகத்தில் வேலை பார்க்க வந்து, பீட்டா எலக்ட்ரான்களின் ஆற்றல் கோடு கோடாக இல்லாமல் தொடர்ச்சியாகப் பரவியிருக்கிறது என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தவர். லாயத்துக்குள் சின்னதாக ஒரு ஆய்வகம் போட்டார்கள். வெளியே வந்த எல்லிஸ் ராணுவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்பியலுக்கு வந்தார்.

1920களின் தொடக்கத்தில் காமாவின் ஆற்றலை நேரடியாகத் துல்லியமாக அளப்பது பெரும்பாடு. எல்லிஸ் அது தட்டிவிடும் எலக்ட்ரான்களைக் காந்தப் புலத்தில் வளைத்து அளந்தார். கட்டி வைத்திருந்த ஆற்றலைக் கூட்டினார். காமாவின் ஆற்றல் வந்தது. அப்படி வந்த எண்களை வைத்து, அணுவுக்கு இருப்பது போலவே கருவுக்குள்ளும் ஆற்றல் மட்டங்கள் உண்டு என்று வரைந்து காட்டினார். நியூட்ரானே கண்டுபிடிக்கப்படாத காலம் அது.

பெர்லினில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர் லீஸ மைட்னர். இருவருக்கும் பல வருஷச் சண்டை. காமா வருவது சிதைவுக்கு முன்பா, பின்பா? எல்லிஸ் முன்பு என்று நினைத்திருந்தார். மைட்னர் 1925இல் எலக்ட்ரான் கோடுகளின் இடைவெளிகளை வைத்து, எலக்ட்ரான்கள் கிளம்புவது சிதைவுக்குப் பின் உருவான புதிய தனிமத்தின் கூடுகளிலிருந்து என்று காட்டினார். காமா பின்னால்தான். அதாவது 662 பேரியத்துடையதா சீசியத்துடையதா என்ற வகைக் கேள்வி தீர்ந்து நூறு வருஷம் ஆகிறது. நம் ரெக்கார்ட் நோட்டுக்குத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த சுற்று எல்லிஸுக்கு. பீட்டா எலக்ட்ரான்கள் கருவிலிருந்து ஒரே ஆற்றலில்தான் கிளம்புகின்றன, வழியில் இழப்பதால்தான் பரவலாகத் தெரிகிறது என்பது மைட்னரின் நம்பிக்கை. வழியில் இழந்தால் அந்த ஆற்றல் வெப்பமாக எங்காவது இருக்க வேண்டுமே என்று எல்லிஸும் வூஸ்டரும் 1927இல் வெப்பத்தையே அளந்தார்கள். இல்லை. மைட்னர் நம்பவில்லை. அதற்காகக் கட்டுரை எழுதித் திட்டவில்லை. ஆர்த்மனோடு சேர்ந்து அதே பரிசோதனையைத் தன் கையால், இன்னும் கவனமாகச் செய்தார். எல்லிஸ் சொன்னதே வந்தது. அதை அவரே வெளியிட்டார். காணாமல் போன ஆற்றலுக்குக் கணக்குச் சொல்லத்தான் 1930 டிசம்பரில் பாவ்லி, மைட்னர் கலந்துகொண்ட கூட்டத்துக்குக் கடிதம் எழுதி, நாம் இன்று நியூட்ரினோ என்று அழைக்கும் துகளை முன்வைத்தார்.

நம் சமூக ஊடகத்தில் நியூட்ரினோ என்றால் பிரபஞ்ச ரகசியம், பேய்த் துகள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதன் பின்னால் இருந்தது, ஒரு சின்னப் பரவலை நாய்ஸ் என்று ஒதுக்கிவிடாத மூன்று நான்கு பேரின் பிடிவாதம். அதை எழுத ஆள் இல்லை.

*

சரி, அது பழைய கதை. இப்போதைய கதைக்கு வருகிறேன்.

காமா கதிர் குறைந்தது ஓர் அலகு தற்சுழற்சியையாவது எடுத்துக்கொண்டுதான் போக முடியும். அப்படியானால் சுழற்சி பூஜ்யமான ஒரு நிலையிலிருந்து பூஜ்யமான இன்னொரு நிலைக்குக் கரு இறங்கினால்? ஒற்றைக் காமா வராது. வரவே முடியாது. ஆற்றல் போதுமான அளவு இருந்தால் எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடி வரலாம். இல்லாவிட்டால் எலக்ட்ரான்தான் வழி. காமா டிடெக்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு அங்கே எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும்.

ஈயம்-186 என்ற கருவில் இதுதான் மையப் பிரச்சினை. 82 புரோட்டான், 104 நியூட்ரான், ஐந்து நொடிகூட நிற்காத அரை ஆயுள். இதன் மிகத் தாழ்ந்த மூன்று நிலைகளும் பூஜ்யச் சுழற்சி கொண்டவை. மூன்றும் 650 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குள் நெருங்கி நிற்கின்றன. மூன்றுக்கும் மூன்று வடிவம் என்று 2000இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொன்னது. ஒன்று உருண்டை, ஒன்று பரங்கிக்காய் மாதிரி தட்டை, ஒன்று பலாப்பழம் மாதிரி நீளம். அதே புரோட்டான்கள், அதே நியூட்ரான்கள், கொஞ்சம் ஆற்றலைக் கூட்டினால் வேறு உருவம். பள்ளிப் புத்தகத்தில் சிவப்பும் நீலமுமாக லட்டு போல அச்சடித்திருக்கிறோமே, அந்தக் கரு இது இல்லை.

எது தட்டை, எது நீளம்? முதல் கிளர்நிலை தட்டை என்றே வெகுகாலம் எடுத்துக்கொண்டார்கள். பின்லாந்தின் யூவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் காமாவையும் எலக்ட்ரானையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் சேஜ் என்ற கருவி இருக்கிறது. இலக்கைச் சுற்றி ஜெர்மானியம் டிடெக்டர்கள். எலக்ட்ரான்களைக் காந்தப் புலம் ஒரு குழாய் வழியே ஓட்டிக்கொண்டு போய் சிலிக்கான் டிடெக்டரில் சேர்க்கும். சொல்வது சுலபம். முடுக்கியின் கற்றை இலக்கில் மோதும்போதே வேண்டாத எலக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாகத் தெறிக்கும். தேவையான எலக்ட்ரானை அந்தச் சந்தைக் கூச்சலில் தேட வேண்டும். அதைவிட அதிகமாக வேறு கருக்களும் உருவாகும். எனவே உருவான கருவைப் பிரித்தெடுத்து, அது சிதையும் விதத்தை வைத்து 'இது ஈயம்-186தான்' என்று உறுதி செய்து, பின்னோக்கிப் போய் அதன் காமாவையும் எலக்ட்ரானையும் பொறுக்குகிறார்கள்.

2022இல் முடிவு வெளியானது. முதல் கிளர்நிலை பெரும்பாலும் நீளம், இரண்டாவதுதான் பெரும்பாலும் தட்டை. இருபது வருஷப் புரிதல் இடம் மாறியது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு கண்ணையும் திறந்து ஒன்றாகப் பார்த்தபோது வேறாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இது எந்தச் செய்தித்தாளில் வந்தது? நமக்கு அணுக்கரு என்றால் குண்டு, இல்லாவிட்டால் கூடங்குளம். ஆதரித்தாலும் எதிர்த்தாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று இரு தரப்புக்கும் அக்கறை இல்லை. மும்பை, டெல்லி, கொல்கத்தா முடுக்கிகளுக்கிடையே மாறி மாறி இயங்கும் இந்திய தேசிய காமா அணி என்று ஒன்று இருப்பதே எத்தனை இயற்பியல் மாணவர்களுக்குத் தெரியும்?

*

"இதனால் என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. மருத்துவமனை ஸ்கேனில் ஊசி மூலம் ஏற்றும் டெக்னீசியம்-99எம், 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவைத் தருகிறது. அந்தக் காமாவுக்கு முன்னால் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் ஒரு சின்ன இறக்கம் உண்டு. கிட்டத்தட்ட முழுக்க எலக்ட்ரானாகவே போகும். ஸ்கேன் கேமராவுக்கு அது தெரியாது. டாக்டர் படம் எடுக்க வசதியான அந்த ஆறு மணி நேர அரை ஆயுளைத் தீர்மானிப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாத படிதான்.

ஆனால் இந்தப் பதிலை முன்னால் நீட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பயன் இருந்ததால்தான் மதிப்பு என்று ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும். எல்லிஸும் மைட்னரும் ஆஸ்பத்திரிக்காகச் சண்டை போடவில்லை. கரு எப்படி இருக்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். இலக்கியம் படிக்கும் நமக்கு இந்த வாதத்தை விளக்கவே தேவையில்லை. ஒரு நாவலின் பயனைக் கேட்டால் நமக்கு எவ்வளவு கோபம் வரும்?

காசு இல்லை, கல்லூரிகளில் சிலிக்கான் டிடெக்டர் எங்கே இருக்கிறது என்பார்கள். நியாயம். நான் கருவியே கேட்கவில்லை. 32 ஏற்கெனவே இருக்கிற ஸ்பெக்ட்ரத்தில் இருக்கிறது. அடுத்த முறை லேபுக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். த்ரெஷோல்டை ஏற்றாதீர்கள். சோர்ஸை எடுத்துவிட்டுப் பாருங்கள். நாய்ஸ் என்றால் அந்தப் பீக் அங்கேயே இருக்க வேண்டும், இருக்காது. சோர்ஸைத் திரும்ப வைத்து நடுவில் ஒரு மில்லிமீட்டர் செம்புத் தகட்டை நிறுத்துங்கள். 662 ஏறக்குறைய அப்படியே நிற்கும், 32 மறைந்துவிடும். தகட்டை எடுத்தால் திரும்பி வரும். அந்த இரண்டு ஸ்பெக்ட்ரத்தையும் பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டுங்கள்.

பிறகு பணிவாகவே சொல்லலாம்: "அது நாய்ஸ் இல்லை, சார். பேரியம்." என் காலத்தில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பதிலும் தெரியவில்லை.