‘பவர்’ மாத்திரை என்னும் மயக்கம்

“அண்ணா, இன்னும் பவரா ஒண்ணு குடுங்க.” காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஏற்காட்டு மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. கன்னம் வீங்கியவரும் இதையேதான் கேட்கிறார், கவாத்துக் கத்தி காலில் பட்டவரும் இதையேதான் கேட்கிறார். இருவர் கைக்கும் அசித்ரோமைசின் 500 வருகிறது. மூன்றே நாள், விலையும் கூடுதல், ஆகவே பவர்.

ஆன்டிபயாடிக்குகளை இப்படி ஏணிப்படியாக அடுக்க முடியாது. எந்தக் கிருமி, அது எங்கே குடியிருக்கிறது என்பதுதான் கேள்வி. பல்லின் வேர், ஆழமான குத்துக்காயம், வெடித்த குடல்வால் ஆகியவை காற்றில்லாமல் வாழும் கிருமிகளின் இடம். சீழில் அடிக்கும் அழுகல் நாற்றம் பெரும்பாலும் அவற்றின் கைவரிசை.

ஜென்டாமைசின் ஊசி கனமான மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் கிருமிக்குள் நுழைய அதற்கு ஆக்ஸிஜன் துணை வேண்டும். இந்தக் கிருமிகளிடம் அது வெளியிலேயே நின்றுவிடும். சிப்ரோஃப்ளாக்சசினும் இங்கே சோப்ளாங்கி. அசித்ரோமைசினைக் குடலில் வாழும் பாக்டிராய்டிஸ் விஷயத்தில் நம்பவே முடியாது. வாயில் இரும்பைச் சப்பியதுபோல் கசப்பை விட்டுப்போகும் மலிவான மெட்ரோனிடசோல் நேர் எதிர். காற்றில்லாக் கிருமிக்குள் போன பிறகுதான் அது நஞ்சாக மாறி டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. 1962-இல், ட்ரைக்கோமோனாஸ் தொற்றுக்காக இதைச் சாப்பிட்ட பெண்ணுக்கு ஈறுப்புண்ணும் ஆறிவிட்டதை ஷின் என்பவர் எழுதினார். காற்றில்லாக் கிருமிகளைக் கொல்லும் இதன் முகம் அப்படித்தான் தெரியவந்தது. காலில் வெட்டுப்பட்டவருக்குச் சீழ் வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸை இதே மாத்திரை ஒன்றும் செய்யாது.

இதைப் படித்துவிட்டு மெட்ரோனிடசோல்தான் பவர் என்று கிளம்பினால் அதுவும் கூத்து. மெரோபெனம் என்னும் ஊசி மருந்து ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இதையும் தொங்கவிடும் பழக்கம் படித்தவர்களிடமே இருக்கிறது. காற்றில்லாக் கிருமிகளை மெரோபெனமே பார்த்துக்கொள்ளும். தண்ணீராகப் போகும் வயிற்றுக்கு ஆஃப்லாக்சசினோடு மெட்ரோனிடசோலின் உறவான ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை கொடுப்பது இன்னொரு வேடிக்கை. அந்த உடம்பு கேட்பது உப்பு-சர்க்கரைக் கரைசல்.

சீழ் கட்டிவிட்டால் எந்த மருந்தும் அரைகுறைதான். கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து எப்படிப் போய்ச்சேரும்? கீறி வடிக்க வேண்டும். பல்லைப் பிடுங்கவோ வேரைச் சுத்தம் செய்யவோ வேண்டும். ஆனால் ‘பவர்’ மாத்திரை கேட்பதைத் தொழிலாளியின் அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. சேலத்துக்கு அனுப்பிவிட்டால் 20 கொண்டை ஊசி வளைவும் பஸ் காசும் கூடச் சேரும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் நோய்க்கால உதவித்தொகையையும் முதலாளியின் கடமையாக எழுதிவைத்தது. பல் பிடுங்கப் போன நாளுக்குக் கூலி பிடிக்காத எஸ்டேட் சேர்வராயன் மலையில் எத்தனை என்று முதலாளிகள் முதலில் சொல்லட்டும். கடைக்காரரைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.