காதுக்கு விலை தெரியாது

ஹெட்போன் வாங்கப் புறப்படுகிறவர்களிடையே, விலை ஏற ஏற நாதமும் உயரும் என்றும், நல்ல நாதத்துக்காகத் தலையிறுக்கத்தையும் காதுவலியையும் ரசிகன் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றும் ஓர் அபிப்பிராயம் வேரூன்றி நிற்கிறது. இரண்டும் பிழை, பின்னது பெரும்பிழை என்பது என் துணிபு.

விலையைப் பற்றிய பிரமையை அகற்றுவது எளிது. 2017-ஆம் ஆண்டில் யெரூன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் சம்பந்தம் காணோம் என்று வெளியிட்டார்.

செவிச் சுகம் வேறு, ஒலிச் சிறப்பு வேறு என்று பிரித்துப் பேசுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. மூடிய வகை ஹெட்போனில், காதைச் சூழ்ந்த மெத்தை கன்னத்தோடும் தாடையெலும்போடும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் கீழ் ஸ்தாயி ஒலி சிதறாமல் செவிப்பறையைச் சேரும். மூக்குக்கண்ணாடியின் காம்பு நூலளவு வழிவிட்டாலும் அது கசிந்துவிடும். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாகஸ்வரப் பதிவை அவ்வாறு கேட்கிறவனுக்கு, உடன் ஒலிக்கும் தவிலின் வலந்தலைச் சொற்கள் கணீரென்று விழும். தொப்பியின் கும்காரமோ மெலிந்து மறையும். தொப்பி கேளாத தவில் தவிலாகுமா? அன்றியும், சேலத்துச் சித்திரை வெயிலில் செயற்கைத்தோல் மெத்தை கால் மணிக்குள் வியர்வையில் நனைய, கேட்கிறவன் அதைச் சற்றே நகர்த்துவான். நகர்த்திய கணமே நாதம் மாறிவிடும். இதைச் சௌகரியக் குறை என்பதா, ஒலிக் குறை என்பதா?

காற்றோட்டமுள்ள திறந்த வகைக்கு 1968-இல் வந்த சென்ஹைசர் ஹெச்.டி. 414 வழிகாட்டியது, அதே நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ஹெச்.டி. 600, ஏறத்தாழ 260 கிராம் எடையோடு, இன்றும் ரசிகர்களின் மதிப்பில் நிற்கிறது. அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள ஆடிஸி எல்.சி.டி. 4-இன் எடையோ அரைக் கிலோவைத் தாண்டும். ஆயினும் பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறிக் கூடத்தை அடுத்த வீட்டில் வாழ்கிறவன் திறந்த வகையை வாங்கினால், தறியோசையை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போய்ச் செவியையே கெடுத்துக்கொள்வான். அவனுக்கு உகந்தது லேசான மூடிய வகையே. இருக்குமிடத்தை விசாரியாமல் இதுதான் உத்தமம் என்று எவ்வாறு தீர்ப்பளிப்பது?

கனத்த கருவியொன்றை இரவல் பெற்று நான் தோடி ஆலாபனை கேட்டேன். முதல் ஐந்து நிமிஷம் ஆனந்தம். இருபதாவது நிமிஷத்தில் உச்சந்தலை கடுக்க, ராகம் எங்கே சஞ்சரிக்கிறது என்பதை மனம் கவனிக்க மறுத்தது. கடையில் இரண்டு நிமிஷம் மாட்டிப் பார்க்கிறவன் அந்த இருபதாவது நிமிஷத்தை அறிவதில்லை. இரு கருவிகளை ஒரே ஒலியளவில் வைத்துக் காட்டுவோரும் அரியர். சற்று உரத்து ஒலிப்பதே இனியது என்று காது மயங்குவதால், வாங்குகிறவன் ஏமாறுகிறான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல், ஒலியளவைச் சமமாக்கி, ஓர் ஆலாபனை முழுதும் அணிந்திருக்க இடம் தராத கடையில் நான் இப்பொழுது எதையும் வாங்குவதில்லை.