முயலும் பெரியம்மாவும்

அறிவியற் புனைகதை, கேலிச்சித்திரப் படம், வீட்டு வீடியோ ஆகிய மூன்றின் மீதும் எனக்குள்ள மோகத்தை என்னை நன்கறிந்த நண்பர்கள் இன்றும் ஒரு குறும்புச் சிரிப்போடுதான் குறிப்பிடுவார்கள். முப்பது ஆண்டுகளாக அரசியலும் போரும் எழுதிவந்த ஒருவன், ஓய்வு நாட்களில் பழைய வீடியோ டெக் ஒன்றின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பஞ்சால் துடைத்துக்கொண்டிருப்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. இந்த மோகத்திற்காக வாதாடவும், அதே மோகத்தால் நான் இழைத்த ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளவும் இதனை எழுதுகிறேன்.

எனது ஊர் தம்பிலுவில். அம்பாறைக் கரையோரத்தில், அக்கரைப்பற்றைத் தாண்டித் திருக்கோவிலுக்குச் சற்று முன்னால், கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் ஊர். கண்ணகி அம்மன் கோவிலும் வைகாசிக் குளிர்த்தியும் எமது ஊரின் அடையாளங்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பின்னர், அதுவரை இறக்குமதிக் கட்டுப்பாட்டால் தடைப்பட்டிருந்த இந்தியச் சஞ்சிகைகள் எமது பக்கமும் தாராளமாக வரத் தொடங்கின. அவற்றோடு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும் வந்தது. 1972இல் அந்த வெளியீட்டின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’யை, அட்டை கிழிந்து, பத்துக் கைகள் மாறிய ஒரு பிரதியில்தான் நான் முதன்முதலாகப் படித்தேன். மின்சாரம் உடலிற் பாய்ந்ததும் மனிதன் மறைந்துவிட, அவனது இரும்புக் கை மட்டும் வெளியில் தெரியும் என்பது கதை. எங்கள் வீட்டில் அப்போது மின்சாரம் இல்லை. இல்லாத மின்சாரம் இத்தனை வல்லமை உடையதா என்று நான் வியந்தது இன்றும் நினைவிருக்கிறது.

1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது. ஊரில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த ஓரிரு வீடுகளின் முற்றங்கள் மாலையில் கொட்டகைகளாயின. கமுக மரத்தை நட்டு, அதன் உச்சியில் அன்ரனாவைக் கட்டி, மலைநாட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். காற்று அடித்தால் ஒருவர் மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக் கேலிச்சித்திரப் படங்களுக்கு டைட்டஸ் தொட்டவத்த என்ற கலைஞர் சிங்களக் குரலும் சிங்கள உயிரும் கொடுத்து ரூபவாஹினியில் வழங்கினார். எமக்குச் சிங்களம் தெரியாது. இருந்தும் சிரித்தோம். முயல் வேடனை ஏய்ப்பதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஆனால் இதையே தமிழில் கேட்டால் எப்படியிருக்கும் என்ற ஏக்கம் அன்றே மனதில் விழுந்துவிட்டது.

அதன் பின்னர் வந்ததுதான் ‘டெக்’. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். அக்கரைப்பற்றில் ஒருவர் டெக், தொலைக்காட்சி, மின்பிறப்பாக்கி மூன்றையும் ஒருசேர வாடகைக்கு விட்டுவந்தார். அவரை நாங்கள் ‘காக்கா’ என்றே அழைத்தோம். அவரது வாப்பாவும் எங்கள் பாட்டனாரும் பக்கத்துப் பக்கத்து வயற்காரர்கள். ஓர் இரவுக்கு மூன்று படம். இரண்டு தமிழ்ப்படம் பெரியவர்களுக்கு. மூன்றாவது, விடியற்காலையில், எல்லோரும் உறங்கிய பின்னர் இளசுகளுக்கு: விண்கலம், இயந்திர மனிதன், வேற்றுக்கிரகவாசி. மின்பிறப்பாக்கியின் இரைச்சலில் வசனம் ஒன்றும் கேட்காது. 1985இலும் 1990இலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட வன்செயல்களால் அக்கரைப்பற்றுக்குப் போகும் அந்தக் குறுகிய வீதி நீண்ட வீதியானது. காக்கா வராமற்போனார். ஒரு சமூகம் பிளவுபட்டதை நான் முதலில் உணர்ந்தது எந்த அரசியல் அறிக்கையாலும் அல்ல. மூன்றாவது படம் நின்றுபோனதால்தான்.

இவையெல்லாம் பொழுதுபோக்கு, அதிலும் அந்நியப் பொழுதுபோக்கு என்று கடிந்துகொண்ட பெரியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எனது பதில் ஒன்றே. அறிவியற் புனைகதை எமக்கு அந்நியமானதல்ல. 1945 ஒக்டோபரில், பூமியைச் சுற்றும் செய்மதிகளால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் தமது வாழ்வை இந்தத் தீவில்தான் கழித்தார். அதே ஆண்டில் திருகோணமலை சுவாமிமலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோவிலின் சிதைவுகளைக் கடலடியில் கண்டவர்கள் அவரும் அவரது நண்பர் மைக் வில்சனும். அந்த மைக் வில்சன் பின்னாளில் சுவாமி சிவ கல்கியாகி முருக பக்தரானார். 1975இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் வீட்டில் ஓர் அலைவாங்கிக் கிண்ணத்தை நிறுவினார்கள். இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் எதுவும் தோன்றுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, செய்மதி வழியாகப் படம் அந்த வீட்டில் இறங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதியதை அவர் தமது கூரைக்குக் கீழ் இருந்து பார்த்தார்.

தமிழில் இத்துறைக்குப் பெருந்தொகையான வாசகரைச் சேர்த்தவர் சுஜாதா. அவரும் பொறியியலாளர். ‘என் இனிய இயந்திரா’வில் அவர் படைத்த ஜீனோ என்ற இயந்திர நாய், அறிவியலைக் கண்டு அஞ்சியவர்களையும் அதனோடு பேச வைத்தது. சுஜாதா 2008 பெப்ரவரி 27இல் காலமானார். கிளார்க் மார்ச் 19இல். சரியாக மூன்று வாரம். பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் எதிர்காலத்தைப் பற்றிக் கனவு கண்ட இரு பேனாக்கள் ஒரே பருவத்தில் ஓய்ந்தன. எமது பத்திரிகைகள் இருவருக்கும் தனித்தனியே அஞ்சலி எழுதின. இருவரையும் சேர்த்து யோசித்தவர்கள் குறைவு.

ஆக, இரசிகன் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. அவன் சேர்க்கிறான், பெயரிட்டு அடுக்குகிறான், இரவல் கொடுக்கிறான், திருப்பிக் கேட்கிறான். இது ஆவணக் காப்பாளரின் குணம். இதற்குப் பிரித்தானியாவில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. ‘டொக்டர் ஹூ’ என்ற அறிவியற் புனைகதைத் தொடரை பி.பி.சி. 1963 நவம்பர் 23இல் தொடங்கியது. அக்காலத்தில் ஒளிநாடா விலை கூடியது, மீண்டும் பதியக்கூடியது. ஆகவே ஒளிபரப்பான நாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தார்கள். இவ்வாறு தொலைந்தவற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் திரும்பக் கிடைக்கவேயில்லை. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இன்று இருக்கிறது. எப்படி? வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்துகொண்ட சில இளம் இரசிகர்களால். பெரிய நிறுவனம் அழித்ததைச் சிறு பையன்கள் காத்தார்கள். அமெரிக்காவின் நாசா நிறுவனமும் இதில் விலக்கல்ல. 1969இல் மனிதன் சந்திரனில் இறங்கியபோது பதிந்த மூல நாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இந்த இடத்தில் எனது தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

1986இல் எனது பெரியம்மாவின் மகளுக்குக் கலியாணம். கல்முனையிலிருந்து வீடியோக்காரர் வந்தார். பெரிய விளக்கைப் பிடிப்பதற்கென்றே ஒருவர் கூட வந்தார். தாலி கட்டும் நேரத்தில் பெண்கள் போட்ட குரவை, அந்தக் குரவையை முன்னின்று எழுப்பிய பெரியம்மா, எல்லாம் நாடாவில் ஏறின. வீ.எச்.எஸ். நாடாப் பெட்டியின் முதுகில் ஒரு மூலையில் சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறொன்றைப் பதிய முடியாது. வீடியோக்காரர் உடைத்துத்தான் கொடுத்திருந்தார். மறு ஆண்டு எங்கள் வீட்டுக்கும் ஒரு டெக் வந்தது. வெற்று நாடா வாங்கக் காசில்லை. தொலைக்காட்சியில் முயல் வரும் நேரம் நெருங்கியது. உடைந்த இடத்தில் ஓர் ஒட்டு நாடாத் துண்டை ஒட்டினால் போதும், டெக் ஏமாந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஒட்டினேன். பதிந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது எமது அம்பாறை மாவட்டந்தான், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரியம்மாவும் ஒருவர். வீடும், வீட்டிலிருந்த படங்களும் போயின. சில மாதங்கள் கழித்து அக்கா என்னிடம் வந்தார்.

“தம்பி, அந்தக் கலியாணக் கெசட் ஒங்கிட்ட இரிக்கா?”

இருந்தது. கடலுக்கு எட்டாத எனது வாடகை அறையில், நானே பெயரெழுதி அடுக்கிய நாடாக்களிடையே இருந்தது. ‘முயல்’ என்று எழுதியிருந்தது. போட்டேன். முயல் ஓடியது. தாலி கட்டிய நேரத்தில் முயல் ஓடியது. குரவை எழுந்த நேரத்தில் முயல் கரட்டைக் கடித்தது. அக்கா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் முயல் அறுந்து, திரை ஒருமுறை நடுங்கி, கலியாண வீட்டின் இறுதிப் பகுதி வந்தது. பெரியம்மா வெற்றிலை வட்டாவை ஏந்தியபடி வாசலைக் கடந்து உள்ளே போனார். விளக்குக் கூசியதால் கையால் கண்ணை மறைத்தார். அவ்வளவுதான். பதினொரு வினாடி.

“திருப்பிப் போடு தம்பி” என்றார் அக்கா. அன்றிரவு எத்தனை தடவை திருப்பிப் போட்டேன் என்று எண்ணவில்லை.

அந்த முயல் இன்று உலகெங்கும் இருக்கிறது. தேவையானால் கைத்தொலைபேசியிற் பார்க்கலாம். உலகம் தானே காத்துக்கொண்டதை நான் பதிந்தேன். உலகத்தில் வேறெங்குமே இல்லாததை அழித்தேன். இரசிகன் காப்பாளன் என்று மேலே பெருமையாகச் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் எதைக் காப்பது என்று அறியாத காப்பாளனால் ஆபத்தும் உண்டு.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு 97,000 நூல்கள் சாம்பலானதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். நினைவுகூரத்தான் வேண்டும். பிறர் அழித்தவற்றுக்கு எம்மிடம் கணக்கு இருக்கிறது. நாமே ஒட்டு நாடா ஒட்டி அழித்தவற்றுக்குக் கணக்கு இல்லை. கரையோர ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்தவை, வீடு மாறும்போது வீசப்பட்டவை, இறுவட்டு வந்ததும் குப்பைக்குப் போனவை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். தொண்ணூறுகளுக்கு முந்திய எமது குளிர்த்திச் சடங்கு, கூத்து, பாடசாலை விழா, பள்ளிவாசல் கந்தூரி, இவற்றின் அசையும் படங்கள் யாரோ ஒருவரின் அலுமாரியில் மட்டுந்தான் இருக்கக்கூடும்.

காலமும் குறைவு. வீ.எச்.எஸ். டெக் தயாரித்துவந்த கடைசி ஜப்பானிய நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி இருப்பவை பழுதாகும்வரைதான். ஆனால் வேலை கடினமானதன்று. ஓடும் நிலையில் ஒரு டெக், ஒரு கணினி, இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு கருவி போதும். மூன்று மணி நேர நாடாவைப் பிரதி எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். அதுதான் இதிலுள்ள ஒரே பொறுமைச் சோதனை. நாடாவில் வெண்ணிறப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் இடவேண்டாம்; அது டெக்கைக் கெடுத்து அடுத்த நாடாவுக்கும் தொற்றும். முதலில் தெரிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்யுங்கள். பிரதியை இரண்டு இடங்களில், முடிந்தால் இரண்டு ஊர்களில் வையுங்கள். கடல் கற்பித்த பாடம் அது. படத்தில் வருவோரின் பெயர்களை மூத்தவர்களிடம் கேட்டு இப்போதே எழுதுங்கள். பெயர் தெரியாத முகம் பாதி அழிந்த முகம்.

புலம்பெயர்ந்த வாசகர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து உங்களுக்குக் கலியாண நாடாக்கள் அனுப்பினோம். இலங்கையில் ‘பால்’ முறை, கனடாவில் ‘என்.டி.எஸ்.சி.’ முறை என்பதால் அங்கே போட்டபோது படம் ஒழுங்காக ஓடவில்லை என்று பலர் அவற்றை அலுமாரிக்குள் வைத்துவிட்டீர்கள். பார்க்க முடியாததால் அவற்றின் மேல் யாரும் வேறெதையும் பதிந்திருக்கவும் மாட்டார்கள். கடல் கொண்டுபோன எங்கள் வீடுகளின் பிரதிகள் ரொறன்ரோவின் நிலவறைகளில் இருக்கலாம். தேடிப் பாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து ஏடுகளை மின்வடிவில் சேர்த்துக் காட்டிய வழி எம்முன் இருக்கிறது. தனியாட்கள் சேர்ந்தால் நடக்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

இன்றும் நான் அறிவியற் புனைகதை படிக்கிறேன்; கேலிச்சித்திரப் படம் பார்த்துச் சிரிக்கிறேன். காலத்தில் பின்னோக்கிப் போகும் இயந்திரத்தைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் முதலில் அதைத்தான் எடுப்பேன். அந்த இயந்திரம் கிடைத்தால் எங்கே போவேன் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. 1987இல் ஒரு மாலைக்கு என்பேன். ஓர் ஒட்டு நாடாத் துண்டை உரித்து எறிவதற்கு.